மாமா சொன்ன வைத்தியம்

"அவனை அழ அழ அடிக்கணும்," என்றார் மாமா.

பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த மருமகன், அவருடைய அக்கா பையன், நிமிர்ந்தான்.

"யாரை?"

"என் பையனைத்தான். அந்தத் துப்பாக்கி கேம்ல. நீதான் அதுல பெரிய புலியாமே? நாலு பேர் பார்க்க மூக்கை உடை. மானம் போனா தானா விட்டுடுவான். பரீட்சை வருது, ஸ்கூலுக்கே போக மாட்டேங்கிறான்ப்பா!"

'ப்பா'வாம். மருமகனுக்குச் சிரிப்பு வந்தது.

எந்த விசேஷமானாலும் இவனைக் கைகாட்டி, "எப்படி ஆகக் கூடாதுன்னு இந்த ஜென்மத்தைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் இதே மாமாதான்.

"நீங்க சொல்லிப் பார்த்தீங்களா?"

"கத்தினேன். போனைப் பிடுங்கினேன். சோறு போடாதேன்னேன். அவங்கம்மா போனை எடுத்து ஆடுறான்!"

"பக்கத்துல உட்கார்ந்து பேசினீங்களா?"

"எனக்கு ஏது நேரம்?" என்ற மாமாவின் கட்டைவிரல், தன் போனில் கலர் உருண்டைகளைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"சரி, ஞாயித்துக்கிழமை ஆட வரச் சொல்றேன்."

அந்த விளையாட்டில் மருமகன் யாரிடமும் தோற்றதில்லை. படிப்பு போய், வீட்டில் மதிப்பும் போய், மிச்சம் இருந்தது அந்தப் பெருமை ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மாமா கூவினார்.

"கலக்கிட்டடா! கேமையே போன்லேர்ந்து தூக்கிட்டான். யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிட்டான். செம அடி போல! மானம் போனா வழிக்கு வருவான்னு நான் சொன்னேன்ல?"

மருமகன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"தோத்தவன் எழுந்திருக்க மாட்டான் மாமா. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு அங்கேயே கிடப்பான். நான் அப்படிக் கிடந்துதான் ஸ்கூல் போச்சு."

"அப்போ அவன்?"

"எல்லார் முன்னாடியும் என்னை ஜெயிச்சான். 'உனக்கு மேல இங்க ஆள் இல்லடா, எழுந்து போ'ன்னேன். சந்தோஷமா போயிட்டான். உங்ககிட்ட சொல்லலையா?"

"நீயா தோத்தே?" என்றார் மாமா.

"அடிக்கச் சொன்னீங்க. நான் அடிக்கல மாமா."