மிலானிலிருந்து மெயில்

"ஏனுங்க ஜெபா, 'எக்ஸாஸ்பரேட்டட்'னா என்னுங்க?" கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்தபடி கேட்டார் வெள்ளியங்கிரி. நல்லூரில் சின்னதாக ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறவர்.

மெயில் போக்குவரத்தைக் கவனிக்கும் ஜெபக்குமார் டிக்‌ஷனரியைப் புரட்டினான். "எரிச்சல்ல பொறுமை போயிட்டுன்னு அர்த்தம் மொதலாளி."

"யாருக்குங்க? அவருக்கா, நமக்கா?"

"அது அடுத்த வரில இருக்கும்னு நெனைக்கேன். அதுல இன்னும் நாலு வார்த்தைக்கு அர்த்தம் பாக்கணும்."

இத்தாலியின் மிலான் நகரத்து பவுலோவின் மெயில் அது. கம்பெனியின் முக்கால்வாசி ஆர்டர் அவருடையதுதான். ஆரம்பத்தில் 'சாம்பிள் அனுப்பு', 'கலர் ஓகே' என்று இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்வார்.

நம்மைப் படிக்காத ஆட்கள் என்று நினைத்துவிட்டாரோ என்று ஜெபக்குமாருக்கு ரோஷம் வந்தது. பெரிய பெரிய வார்த்தைகளாகப் பொறுக்கி ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினான். அன்று பிடித்தது சனி. அதன்பின் மிலானிலிருந்து வந்த ஒவ்வொரு மெயிலும் ஒரு பரீட்சையாக இருந்தது.

விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவர் ஒரு கடினமான வார்த்தை போட்டால் இவன் இரண்டு போட்டான். மண்ணரையிலிருந்து வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'மெட்டிகுலஸ், மெட்டிகுலஸ்' என்று முணுமுணுத்தான். பக்கத்தில் நின்றவர் நகர்ந்து போனார்.

"சோத்தை முழுங்குங்க, டிக்‌ஷனரிய முழுங்காதீங்க" என்று அவன் மனைவி ஆஷா தட்டை நங்கென்று வைத்தாள்.

கடைசியில் வேலையே கெட்டது. கழுத்துப் பட்டிக்கு நீலம் போடவா, கறுப்பு போடவா என்று கேட்டதற்கு, மூன்று நாள் கழித்து நாலு பத்தி வந்தது. எத்தனை தடவை படித்தும் எந்தக் கலர் என்று மட்டும் புரியவில்லை. வெட்டிய துணி மூட்டை மூட்டையாகக் கிடக்க, மெஷின்கள் சும்மா நின்றன.

அதற்குள் பவுலோ நேரில் வருவதாகத் தகவல் வந்தது.

"இந்த ஆர்டர் போச்சுன்னா கம்பெனியைச் சாத்தோணும் கண்ணு" என்றார் வெள்ளியங்கிரி. அவர் திட்டியிருந்தால்கூட ஜெபக்குமாருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து கார் வந்து நின்றது. பவுலோவோடு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணியும் இறங்கினாள். துணியைச் சோதிக்க வந்தவளாக இருக்கும் என்று ஜெபக்குமார் நினைத்துக்கொண்டான்.

அவர்களை ஆபீஸ் அறையில் உட்காரவைத்துவிட்டு, மனப்பாடம் செய்த வரவேற்புரையை ஆரம்பித்தான். இரண்டாவது வாக்கியத்தில் மறந்து போனது. பவுலோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்மணியைப் பார்த்தார்.

இத்தனை மாத எரிச்சலும் ஜெபக்குமாருக்குப் பொங்கி வந்தது. வேலை போனால் போகட்டும்.

"சார், உங்க மெயில் எதுவும் எனக்குப் புரியல" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான். கண் கலங்கிவிட்டது. "நீலமா, கறுப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

பவுலோ நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீலம்! நீலம்!" என்று கத்தியபடி எழுந்து வந்து ஜெபக்குமாரைக் கட்டிக்கொண்டார்.

வெள்ளியங்கிரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அந்தம்மா ஆருன்னு கேளுங்க ஜெபா" என்றார்.

ஜெபக்குமார் கேட்டான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நிதானமாகப் பதில் சொன்னாள்.

"உங்கள் முதல் நீளமான மெயிலைப் பார்த்துப் பயந்துபோய், இவர் ஏற்பாடு செய்துகொண்ட இங்கிலீஷ் டியூஷன் டீச்சர் நான்."