வருஷ ஃபாத்திஹாவுக்கு மறுநாள்

மைராம் வெள்ளை முக்காட்டோடு என் கடை முன்னால் வந்து நின்றபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளை கட்டிவிட்டார்கள் என்றால், அவள் புருஷன் ஜானிஷுக்கு வருஷ ஃபாத்திஹா முடிந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் கிர்கிஸ் ஜனங்களிடம் அது முடிந்தால்தான் செத்தவன் முழுசாகச் செத்தவன்.

"ஊரைக் கூட்டிக் குதிரை அறுத்துப் போடவேண்டிய காரியம். என்னை ஒரு வார்த்தை கூப்பிடலையே, நல்லா இருக்குடி உங்க நியாயம்!"

"குதிரையெல்லாம் இல்லக்கா. ஒரே ஒரு ஆடு. மாமி வீட்டோட முடிச்சுட்டாங்க."

என் பங்குக் கறியையும் பூர்சோக் பணியாரத்தையும் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

ஜானிஷ் மாதிரி ஊருக்கே அள்ளிப் போட்ட மனுஷனுக்கு ஒரு ஆடா? அந்தக் கிழவி எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டாள் என்று தெரியும். பெற்ற பிள்ளை விஷயத்திலுமா?

பிஷ்கெக்கின் தோர்தோய் சந்தையில் எனக்கு ஒரு பெட்டிக்கடை. சீனாவிலிருந்து சரக்கு எடுக்கிறவர்கள் என்னிடம் சோம் நோட்டைக் கொடுத்து டாலர் கிரிப்டோ வாங்கிப் போவார்கள். மூன்று வரிசை தள்ளி கடையாக மாற்றின ஒரு வாடகைக் கன்டெய்னரில் மைராம் குழந்தைகளுக்கான குளிர்கோட்டு விற்கிறாள். அந்தக் கன்டெய்னரைச் சொந்தக்காரன் விற்கப்போகிறான். மாதக் கடைசிக்குள் அவள் வாங்காவிட்டால் வேறு எவனோ வாங்கிக்கொள்வான். அவள் பிழைப்பு அதோடு சரி.

வாங்கப் பணம் இருக்கிறது. அதுதான் கொடுமை.

ஜானிஷின் கிரிப்டோ வாலெட்டில் இருக்கிறது. போய்க் கேட்க பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது. பன்னிரண்டு வார்த்தை சொன்னால் திறக்கும். அவற்றை அவன் எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் மனப்பாடம் என்று என்னிடமே பெருமையடித்திருக்கிறான். நாரின் ஆற்றங்கரையில் அவனுடைய வண்டி மட்டும் கிடைத்தது. மய்யித் கிடைக்கவில்லை. அந்த வார்த்தைகளும் ஆற்றோடு போய்விட்டன.

எடுக்கத்தான் முடியாதே தவிர, எவ்வளவு இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த பணம் அது. மைராம் வாராவாரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒரு நாள் எப்படியாவது திறந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

இன்றைக்கும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

பூஜ்யம்.

தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இன்று காலையில்தான் நடந்திருக்கிறது. டாலரை வேறு காயினாக மாற்றி, அதை பிரிட்ஜ் வழியாக வேறொரு நெட்வொர்க்குக்குக் கடத்தி, அங்கே போய் மறுபடியும் டாலர் வாங்கியிருக்கிறார்கள். தடம் தெரியக்கூடாது என்று நினைக்கிறவன் போடுகிற சுற்று.

எவனோ திருடன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஏழு டாலர் மட்டும் தனியாகப் போயிருக்கிறது. அது பத்திரமாகச் சேர்ந்த பிறகுதான் மிச்சம் மொத்தமும் கிளம்பியிருக்கிறது.

திருடன் எங்கேயாவது பதம் பார்ப்பானா? கிடைத்ததை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுவான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எப்போதும் ஏழு டாலரை முதலில் அனுப்பிப் பார்க்கிறவன் இந்தச் சந்தையிலேயே ஒருத்தன்தான் இருந்தான். "பயந்தாங்கொள்ளி, ரெண்டு தடவை கமிஷன் அழறியே" என்று நானே அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அடப் பாவி. உயிரோடு இருக்கிறான்.

தன்னுடைய ஃபாத்திஹா முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறான். பெண்டாட்டிக்கு வெள்ளை கட்டியான பிறகு இந்தப் பக்கம் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். இதை இவளிடம் எந்த வாயால் சொல்வது?

"திருடிட்டானுங்கடி," என்றேன். "நாசமாப் போறவனுங்க. ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் அழவில்லை. கன்டெய்னர் என்ன ஆகும் என்றுகூடக் கேட்கவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள். ஒரு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அவளுக்கும் இதெல்லாம் படிக்கத் தெரியும், புருஷனுடைய பழக்கமும் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். அவள் விரல் மெல்ல மேலே போய் அந்த ஏழு டாலரில் நின்றது.

"ஃபாத்திஹாவை அடுத்த மாசம்தான்க்கா வச்சிருந்தோம்," என்றாள். "ஊருக்கே அந்தத் தேதிதான் தெரியும். முந்தாநாள் திடீர்னு மாமிதான், நாளைக்கே முடிச்சிடலாம், யாருக்கும் சொல்ல வேணாம்னாங்க. ஓத வந்த அஜ்ரத்தைத் தவிர வெளியாளு ஒருத்தருக்குத் தெரியாது."

அப்படியென்றால் ஃபாத்திஹா நேற்றே முடிந்துவிட்டது என்று அவனுக்குச் சொன்னது பெற்றவளேதான். மகன் போனதிலிருந்து அந்தக் கிழவி வைக்கிற ஒப்பாரியைக் கேட்டு நானும் அழுதிருக்கிறேன்.

மைராம் போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"திருடன்னே இருக்கட்டும்க்கா. வீட்லயும் அப்படியே சொல்லிடறேன். மாமி மார்ல அடிச்சுக்கிட்டு அழுவாங்க, நானும் கூட உக்காந்து அழணும். அந்த வீட்டை விட்டா எனக்கும் பிள்ளைங்களுக்கும் வேற எங்கக்கா இடம் இருக்கு?"