ஒரே தள்ளு

"பீரோவுக்குத்தான் நாலு கால் இருக்கே, ஏன் நடக்கமாட்டேங்குது?" என்று பேரன் கேட்டான். அவன் அப்பா அதைத் தள்ளித் தள்ளி ஓய்ந்திருந்தார்.

சற்று நேரத்தில் மருமகள் மாமனாரைக் கூப்பிட்டாள். "மாமா, உங்க பிள்ளைக்கு வாய்தான் நீளம். நீங்க வாங்க."

சுமை தூக்கும் வேலையை விட்டதிலிருந்து, 'சும்மா இருக்கிறவனுக்கு எதுக்குச் சோறு' என்று அரைவயிறு சாப்பிடுபவர் அவர். வந்து ஒரே தள்ளு. பீரோ வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றது.

"இதுக்குப் போயா அப்படி முக்குனே?" என்று மகனைக் கேலி செய்தவர், அன்று மறுசோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அவரை மட்டும் வீட்டில் விட்டு எல்லோரும் வெளியே போய்த் திரும்பினார்கள். அவரைக் கூப்பிடுவதற்கு முன், கணவனும் மனைவியுமாக மூச்சுமுட்டத் தூக்கிப் பீரோவின் கால்களுக்கடியில் செருகிவைத்த பழைய போர்வை, துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அதை உருவுவதற்காகப் பீரோவைத் தன்னந்தனியாகத் தூக்கியவர், ஒன்றும் அறியாதவர் போலக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.