அரங்கமே கைதட்டிய தீர்ப்பு

முதுமையில் பெற்றோர் மகனோடுதான் இருக்க வேண்டும் என்று பட்டிமன்ற நடுவர் மாசிலாமணி தீர்ப்புச் சொன்னார். அரங்கமே எழுந்து கைதட்டியது. முப்பது வருடமாக எந்தத் தீர்ப்புக்கும் பாதிக் கூட்டம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இன்று வந்தவர்கள் காதிலெல்லாம் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி இருந்தது. மேடைப் பேச்சில் வரும் நகைச்சுவையை மட்டும், கேட்பவருக்குப் பிடித்த மாதிரி, பேசுபவர் குரலிலேயே மாற்றித் தரும் என்று விழா அமைப்பாளர்கள் சொல்லியிருந்தார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் ஒரு வயதான அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் வயித்துல பால வார்த்தீங்கய்யா."

அவள் செருப்பைத் தேடிப் போனதும் மகன் நெருங்கி வந்தான். "ரொம்ப நன்றி சார். முதியோர் இல்லம்தான் சரின்னு நீங்க சொன்னதுக்கு அம்மாவே எழுந்து நின்னு கைதட்டிட்டாங்க. நாளைக்கே கொண்டுபோய் விட்டுடறேன்."

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையேப்பா."

காதிலிருந்த கருவியை இன்னும் கழற்றாத மகன் முகம் மலர்ந்து கும்பிட்டான். "அப்படியே செஞ்சுடறேன் சார்."