இரண்டாவது இருக்கை

விமானத்தை வாங்கிய பிறகுதான் மெய்யப்பன் படிவத்தின் கடைசி வரியைப் படித்தான். ஓட்டுபவர் மயங்கினால் இறக்குவதற்கு, பக்கத்து இருக்கையில் அதே விமானத்தில் பெயர் பதிந்த இன்னொருவர் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. ஒருவர் பெயரை ஒரே விமானத்தில்தான் பதியலாம்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைக்கிற அவன் இதை எப்படித் தவறவிட்டான் என்று அவனுக்கே விளங்கவில்லை. விமானம் ஓட்டக் கற்ற மாலை வகுப்பில் ஆளுக்கொரு தனி அறை. எட்டு மாதமும் திரைதான் கற்றுக்கொடுத்தது. கூடப் படித்த ஒருவரின் குரலைக்கூட அவன் கேட்டதில்லை.

ஞாயிறு காலை காரைக்குடி ஓடுதளத்தில் பதினோரு சிறு விமானங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவனும் தன்னுடையதில் ஏறி, தயங்கித் தயங்கி ரேடியோவில் கேட்டான்.

"யாராவது என்கூட வர்றீங்களா?"

"புது ஆளா?" பக்கத்து விமானத்திலிருந்த பெண் சிரித்தாள். "நான் ஜெனோவா. நீங்க என்கூட வாங்களேன்."

"என் பேரு என் வண்டியில இருக்கே."

"இங்க எல்லார் பேரும் அப்படித்தாங்க. வித்துட்டு வர்றதுன்னா சொல்லுங்க."

"நீங்க விப்பீங்களா?"

"நல்லா இருக்கே! வாங்கி மூணு மாசம், ஞாயிறு தவறாம வர்றேன், இன்னும் ஒரு தடவைகூடப் பறக்கல."

"அப்ப வாராவாரம் எதுக்கு வர்றீங்க?"



"வீட்டுல இந்த ரேடியோ இல்லையே. அங்க கூப்பிட்டா யாரு பதில் சொல்வா?"

வெயில் ஏறியதும் அவன் நோட்டை எடுத்து, பறந்த நேரம் பூஜ்யம் என்று எழுதினான். பிறகு யோசித்து, பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டான். பேசிய நேரம், நாற்பது நிமிடம். சரியா என்று தெரியவில்லை. ஆனாலும் அதை அவன் அடிக்கவில்லை.