மூவாயிரம்

வேகம் சரிபார்க்கும் சோதனைக் கேசட்டை ஓடவிட்டு, மீட்டர் சரியான வேகத்துக்குரிய மூவாயிரம் ஹெர்ட்ஸ் காட்டும்வரை மெக்கானிக் பிளேயர் மோட்டாரின் திருகைத் திருப்பினார். பிறகு பிளேயரைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த பெண் கொண்டுவந்த கேசட்டைப் போட்டார். அவளுடைய கணவர் இறப்பதற்கு முன் அவளுக்கென்று பேசி வைத்தது. ஒரு பக்கம் முப்பது நிமிடம்.

"இழுத்து இழுத்துப் பேசுதுண்ணே, ஒண்ணும் புரியல. ஒரு வார்த்தையாவது அன்பாச் சொல்லியிருக்காரான்னு பார்க்கணும்."

இப்போது எல்லாம் புரிந்தது. அவளுடைய சமையல், நடை, தம்பி என முப்பது நிமிடமும் குறைகளே. நாடா தீர்ந்தது, சுருள் நின்றது. குரல் நிற்கவில்லை.

"ஒரு திருகைத் திருப்ப இவ்வளவு நேரமா? அந்தாளோட உனக்கு என்ன பேச்சு?"

மெக்கானிக் மின்இணைப்பைப் பிடுங்கினார்.

"யாரு பிடுங்கச் சொன்னா?"

அவள் அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள்.

"இதோ கெளம்பிட்டேங்க," என்றாள், பிளேயரைப் பார்த்து.