குடிக்கச் சொன்னவன்

ஃபீபிக்குச் சிறுநீரகத்தில் கல். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிய மறுநாளே, அவள் கணவன் ரிச்சர்ட் பெரிய பாட்டில் ஒன்று வாங்கி வந்தான். தினமும் காலையில் அவனே நிரப்பிக் கொடுப்பான்.

"சாயந்திரம் காலியா வரணும், இன்னா?"

ஃபீபியும் பழகிக்கொண்டாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தைத்துக்கொண்டே குடித்தாள். ஆனால் குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே.

"சார், போய்ட்டு வர்றேன்."

"இப்பதானேம்மா போய்ட்டு வந்த? நீ எழுந்தா லைன்ல வேலையே நிக்குது, பாரு. சாப்பாட்டு மணி அடிக்கட்டும்," என்றார் சூப்பர்வைசர்.

தினமும் இதே பதில். அடக்கி அடக்கி அடிவயிறு வலித்தது. ஒருநாள் சிறுநீரில் ரத்தம் வந்தது. பயந்துபோய்த் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

அன்று மாலை வீட்டில், பாட்டில் நிரப்பியபடியே இருப்பதைப் பார்த்த ரிச்சர்ட் பதறினான்.

"ஏன் ஃபீபி குடிக்கல? கல்லு பெருசாய்ட்டா இன்னா பண்றது?"

"குடிச்சா போகணும். கேட்டா நீங்கதான் விடமாட்டேன்றீங்களே, சார்."

ரிச்சர்ட் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன்ன விட்டா எல்லாப் பொம்பளைங்களும் கேப்பாங்க. எல்லாரையும் விட்டா, மேனேஜர் நம்ம ரெண்டு பேரையும் வேலைய வுட்டு நிறுத்திடுவாரு."

பிறகு மெதுவாகச் சொன்னான்: "கம்பெனில தண்ணி குடிக்காத, ஃபீபி."